மந்தையை விட்டு விலகாத மேய்ப்பர்

வணக்கத்துக்குரிய ஒபதியா கிரிம்ஷோ இறந்து முந்நூற்று முப்பது வருசம் தாண்டிவிட்டது. ஆனாலும் லண்டனின் பார்க்கிங் பகுதியிலுள்ள சென் ஓசித் தேவாலயத்து வாசலில் அவரைக் கேட்காமல் ஒருவரும் ஓர் ஆணி அடிக்க ஏலாது. வாசற்படிக்கு நேர் முன்னால், இரண்டு மீற்றர் பத்துச் சென்ரிமீற்றர் நீளமான கறுப்புக் கல்லொன்றின் கீழே அவர் படுத்திருக்கிறார். கல்லில் லத்தீனில் செதுக்கியிருப்பதன் பொருள் இதுதான்: ‘ஐம்பது ஆண்டுகள் இந்த மந்தையை மேய்த்தவர், ஒருநாளும் அதை விட்டு விலகாதவர்.’

ஜீவரத்தினத்துக்கு இதெல்லாம் தெரியாது. அவர் சைவம். வெள்ளிக்கிழமைகளில் முருகன் கோயில். மனைவி பியற்றிஸ் பரம்பரை அங்கிலிக்கன். கலியாணம் பேசியபோது இரு பகுதியாரும் ஒரு வருசம் சண்டை பிடித்து, யாரும் யாரையும் மாற்றுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். அந்த உடன்படிக்கையின்படி ஞாயிற்றுக்கிழமை வான் ஓட்டுவது அவர், இறங்கி உள்ளே போவது அவ. ஜேர்மனியில், டோட்மண்டில் பதினெட்டு வருசம் தச்சு வேலை பார்த்துவிட்டு அவர்கள் பார்க்கிங்குக்கு வந்த நாளிலிருந்து, பதினேழு வருசம் இது பிசகாமல் நடந்தது. பியற்றிஸுக்கு வலப்பக்கம் மூன்றாவது வரிசை. மாதத்தின் முதல் ஞாயிறு வேதவாசிப்பும் அவதான். ஜீவரத்தினம் வானுக்குள் இருந்து, அடுத்த கிழமை அலுமாரி பொருத்த வேண்டிய சமையல் குசினிகளின் அளவுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

போன வருசம் மாசியில் பியற்றிஸுக்கு ஸ்ரோக் வந்தது. சித்திரையில் ஆஸ்பத்திரியால் வரும்போது இடது கால் அவவின் சொல் கேட்கவில்லை. மோட்டர் பூட்டிய சக்கர நாற்காலி கிடைத்தது. முதல் ஞாயிறே வெளிக்கிட்டு, தேவாலயத்து வாசலில் வந்து நின்றா. படி பதினேழு சென்ரிமீற்றர் உயரம்.

உள்ளேயிருந்து நாலு ஆம்பிளைகள் ஓடிவந்து, நாற்காலியோடு தூக்குகிறோம் என்றார்கள். பியற்றிஸ் கையை உயர்த்தி அவர்களை நிற்பாட்டினா.

“என்னைத் தூக்கிக்கொண்டு உள்ளை போறது ஒருக்காத்தான்,” என்று ஜீவரத்தினத்திடம் சொன்னா. “அண்டைக்கு நான் படுத்திருப்பன். அதுவரைக்கும் நானாத்தான் போவன்.”

அடுத்த ஞாயிறு ஜீவரத்தினம் அலுமினியச் சரிவுப்பலகை ஒன்றை வாங்கிக்கொண்டுவந்து வைத்தார். நாற்காலி ஏறியது. பியற்றிஸ் மூன்றாவது வரிசைக்குப் போனா. ஒரு பிரச்சினையும் இல்லை. பிரச்சினை புதன்கிழமை தபாலில் வந்தது.

‘வாசல்கள், தரைக்கற்கள் மற்றும் நினைவுச் சின்னங்கள் உபகுழு’ என்று தலைப்பிட்ட கடிதம் அது. அனுமதியற்ற உலோகப் பொருளொன்று வண. கிரிம்ஷோவின் கல்லின்மீது வைக்கப்பட்டதை உபகுழு கவலையோடு அவதானித்திருப்பதாகவும், அது உடனே அகற்றப்பட வேண்டும் என்றும், நிரந்தரமான மாற்று ஏற்பாடு வேண்டுமானால் விண்ணப்பிக்கலாம் என்றும் எழுதியிருந்தது. பின்னால் விண்ணப்பப் படிவம். இருபத்தாறு பக்கம்.

அப்போது சென் ஓசித்தில் குருவானவர் இல்லை. பழையவர் ஓய்வுபெற்று மூன்று வருசமாகப் பதவி காலி. உதவிக்குருவாக ஜெஸ்ரின் என்ற பிள்ளை இருந்தா. லண்டனிலேயே பிறந்த தமிழ்ப்பிள்ளை. ஒரு சைக்கிளில் மூன்று தேவாலயங்களுக்கு ஓடித் திரிந்தா.

“சொறி மாமா, என்னால ஒண்டும் செய்யேலாது,” என்றா ஜெஸ்ரின், ஹெல்மெற்றைக் கழற்றாமலே. “எனக்கு பல்ப் மாத்தவே பேர்மிஷன் வேணும். அந்தப் பக்கத்துக் கதவுக்கு ஏழு படி. இந்தக் கதவுக்கு ஒபதியா. போர்மை நிரப்புங்கோ, நான் சைன் பண்ணுறன்.”

ஜீவரத்தினம் நிரப்பினார். மில்லிமீற்றர் கணக்கில் வரைபடம் போட்டார். ஓக் பலகை, இரண்டு பக்கமும் கைபிடி. செலவு முழுவதும் தன்னுடையது. அந்த உற்சாகத்தில்தான் ஒரு பிழை விட்டார். எந்தக் கோயிலுக்கு ஒரு ரியூப் லைற் வாங்கிக் கொடுத்தாலும் அதில் கொடுத்தவரின் பெயர் எழுதியிருப்பதைப் பார்த்து வளர்ந்த மனுசன் அவர். வரைபடத்தின் வலது கைபிடியில் ஒரு சின்னப் பித்தளைத் தகடு போட்டு, ‘உபயம்: ஜீவரத்தினம் – பியற்றிஸ் குடும்பத்தினர், பார்க்கிங்’ என்றும் எழுதிவிட்டார். அவரைப் பொறுத்தவரை அது ஒரு ரசீது மாதிரி.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. சரிவுப்பாதையைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. பெயர் பொறித்த தகடு நினைவுச்சின்னம் என்ற வகைக்குள் வருவதால், விண்ணப்பம் நினைவுச்சின்னப் பிரிவுக்கு மாற்றப்பட்டிருந்தது. நினைவுச்சின்னம் வைப்பதற்கு, நினைவுகூரப்படுபவர் இறந்து பத்து வருசமாவது ஆகியிருக்க வேண்டும். ‘எமக்குக் கிடைத்த தகவலின்படி இருவரும் உயிரோடு இருப்பதாகத் தெரிகிறது. தயவுசெய்து தெளிவுபடுத்தவும்,’ என்று உபகுழுவின் செயலாளர் மிஸ் புரூவிட் எழுதியிருந்தா.

ஜீவரத்தினம் அன்றைக்கே தெளிவுபடுத்தினார். தாங்கள் இருவரும் இன்றுவரை உயிரோடு இருப்பதாகவும், விண்ணப்பம் இந்த வேகத்தில் போனால் நிபந்தனை தானாகவே நிறைவேறிவிடும் என்றும், ஆனாலும் தகட்டைத் தான் வாபஸ் வாங்குவதாகவும் எழுதினார். வாபஸ் வாங்குவதற்கு வேறு படிவம் இருந்தது. ஒன்பது பக்கம்.

அதற்கிடையில் ஞாயிற்றுக்கிழமைகள் நிற்கவில்லை. வான் வழக்கம்போலப் போனது. இப்போது பியற்றிஸ் வானுக்குள் இருந்தா, யன்னலை இறக்கிவிட்டு. பாட்டுக் கேட்கும். பிரசங்கம் கேட்காது. அதனால் ஜீவரத்தினத்தை உள்ளே அனுப்பினா. அவர் திருநீற்றை அழிக்காமல் போய், வலப்பக்கம் மூன்றாவது வரிசையில் அவவின் இடத்தில் இருந்துவிட்டு வந்து அறிக்கை கொடுப்பார்.

“இண்டைக்கு என்ன பிரசங்கம்?”

“மீன் பிடிக்கிற கதை.”

“அதுக்கு மிஞ்சி?”

“மீன் பிடிபட்டிட்டுது.”

பியற்றிஸ் யன்னலை ஏற்றிவிடுவா.

தகடு ஒழிந்ததும் அடுத்த கட்டம் வந்தது. கல்லைத் தொடுவதற்கு முன் கல்லின் முக்கியத்துவம் நிறுவப்பட வேண்டும். கல்லின் முக்கியத்துவம் கல்லுக்குக் கீழே இருப்பவரின் முக்கியத்துவம். ஆகவே வண. கிரிம்ஷோவின் பதவி வாழ்க்கையை ஆராய்ந்து விண்ணப்பதாரர் ஓர் அறிக்கை சமர்ப்பிக்க வேண்டும். குசினி பொருத்துகிறவர் ஒருவர் பதினேழாம் நூற்றாண்டுப் பாதிரியார் ஒருவரின் வரலாற்றை எழுதுவதில் உபகுழுவுக்கு ஆட்சேபணை இருக்கவில்லை. பக்க ஓரத்தில் இரண்டரைச் சென்ரிமீற்றர் வெளி விட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

ஜெஸ்ரின் பழைய பதிவேடுகளின் பிரதிகளைக் கொண்டுவந்து தந்தா. பியற்றிஸ் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக உரக்க வாசித்துத் தமிழில் சொன்னா; ஸ்ரோக்குக்குப் பிறகு சத்தம்போட்டு வாசிக்கச் சொல்லி வைத்தியரும் சொல்லியிருந்தார். ஜீவரத்தினம் குசினி அளவெடுக்கிற கொப்பியில் எழுதிக்கொண்டார்.

கிரிம்ஷோ தன் இருபத்துநாலாவது வயதில், 1641இல், சென் ஓசித்தின் குருவாக நியமிக்கப்பட்டார். மறைமாவட்டத் தலைவரான மேற்றிராணியாரின் செயலாளர் அவருடைய மனைவிக்கு மாமன் முறை. பதவி உறுதியாவதற்கு, புதுக் குரு ஆலயத்தில் நின்று சபையின் முப்பத்தொன்பது கோட்பாடுகளையும் வாயால் வாசிக்க வேண்டும் என்பது சட்டம். கிரிம்ஷோ வந்தார். வாசித்தார். மழை என்று குறிப்பு இருக்கிறது. பின்னேரமே திரும்பிவிட்டார்.

அதன் பிறகு உள்நாட்டுப் போர். பாராளுமன்றத்தின் கை ஓங்கியபோது மேற்றிராணியார்களே வேண்டாம் என்று சத்தியம் செய்யச் சொன்னார்கள், செய்தார். ராஜாவின் தலையை வெட்டியபின், ராஜா இல்லாத ஆட்சிக்கு விசுவாசமாயிருப்பேன் என்று கையெழுத்து வைக்கச் சொன்னார்கள், வைத்தார். 1660இல் வெட்டுப்பட்டவரின் மகன் ராஜாவாகத் திரும்பி வந்தார். கிரிம்ஷோ பதினொரு வருசமாகத் தான் இரகசியமாக அழுதுகொண்டிருந்ததாக ஒரு பிரசங்கத்தை அச்சடித்து வெளியிட்டார். இரண்டு வருசம் கழித்து, ஜெபப்புத்தகத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் ஒப்புக்கொள்ளாத குருமார் வெளியேற வேண்டும் என்று சட்டம் வந்தது. ஏராளமானோர் வெளியேறினார்கள். கிரிம்ஷோ ஒப்புக்கொண்டார், அவருக்குப் புத்தகம் இன்னும் வந்து சேரவில்லை. பிறகு அந்த ராஜாவின் தம்பி வந்தார், அவரைக் கலைத்துவிட்டு மருமகன் வந்தார். கிரிம்ஷோ எல்லாருக்கும் சத்தியம் செய்தார்.

இவ்வளவு காலமும் அவர் கையில் சென் ஓசித்தோடு இன்னும் இரண்டு பங்குத் தேவாலயங்கள் இருந்தன. மூன்றிலும் அவர் இருக்கவில்லை. ஒரு பெரிய ஆலய நகரத்தில் இருந்தார். இங்கே கலியாணம் கட்டிவைத்தது, பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது, கொள்ளைநோய்க் காலத்தில் பிணம் புதைத்தது எல்லாம் அவருக்குப் பதிலாக நின்ற ஓர் உதவிக்குரு. அந்த மனுசனின் பெயர் எங்கும் இல்லை. ‘கிரிம்ஷோவின் ஆள்’ என்றே எழுதியிருக்கிறார்கள். கிரிம்ஷோ இரண்டாம் முறை இங்கே வந்தது 1674இல். வேறெங்கோ போகும் வழியில் வண்டிச் சில்லு உடைந்துவிட்டது.

“மூண்டாந்தரம்?” என்று கேட்டார் ஜீவரத்தினம்.

பியற்றிஸ் பக்கத்தைப் புரட்டினா. “பெட்டியிலை.”

பிறகு பியற்றிஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “இந்த மனுசன் உள்ளை வராமல் ஐம்பது வருசம் குருவாயிருந்தவர். இப்ப வாசலிலை கிடந்து என்னை மறிக்கிறார்,” என்றா.

“உவருக்கு ஒரு சக்கர நாற்காலி இருந்திருந்தால் வந்திருப்பாரோ?”

“படி இருக்கெண்டு சொல்லி வராமல் விட்டிருப்பார். எழுதுங்கோ.”

புரட்டாதியில் உபகுழு தலத்தைப் பார்வையிட வந்தது. நாலு சக்கரம் ஒரு கல்லுக்கு என்ன சேதத்தை விளைவிக்கும் என்று கணிப்பதற்காகப் பதினொரு பேர் அந்தக் கல்லின்மேல் ஏறி நின்றார்கள். தலைவர் ஹால்ஸ்டெட் ‘கனன்’ பட்டம் பெற்ற மூத்த குரு; உயரமும் அகலமும் தாராளமாக உள்ளவர். கையில் இரும்புப் பூண் போட்ட தடி. ஒவ்வொரு கருத்தையும் சொல்லி முடித்ததும் அந்தத் தடியால் கல்லில் ஒருதரம் இடித்தார். அன்றைக்கு அவருக்குப் பதினாலு கருத்துகள் இருந்தன.

பியற்றிஸ் வானின் பின்கதவில், நாற்காலியில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தா. ஒருவர்கூட அந்தப் பக்கம் வரவில்லை. பயனாளரைச் சந்திப்பது பக்கச்சார்பை ஏற்படுத்தும் என்று விதி இருப்பதாக மிஸ் புரூவிட் ஜீவரத்தினத்திடம் தாழ்ந்த குரலில் சொன்னா. சொல்லும்போது அவவின் முகம் சிவந்திருந்தது.

தை மாதம் இன்னொரு கடிதம். இது பியற்றிஸின் பெயருக்கு. சபைப் பதிவேட்டை வருசாவருசம் திருத்தியபோது, திருமதி ஜீவரத்தினம் ஆறு மாதத்துக்கு மேலாக ஆராதனைக்கு வரவில்லை என்று தெரியவந்ததாம். அதனால் அவவின் பெயர் நீக்கப்பட்டுவிட்டது. அதே உறைக்குள் ஜீவரத்தினத்துக்கும் ஒரு துண்டு இருந்தது. சரிவுப்பாதை தேவைப்படும் உறுப்பினர் எவரும் இப்போது பதிவேட்டில் இல்லாதபடியால் விண்ணப்பம் காலாவதியாகிறது. மேன்முறையீடு செய்யலாம்.

பியற்றிஸ் கடிதத்தை நாலாக மடித்து வேதப்புத்தகத்துக்குள் வைத்தா. அன்றைக்குச் சாப்பிடவில்லை. அவ கத்துகிற ஆள் என்றால் ஜீவரத்தினத்துக்குச் சுகமாக இருந்திருக்கும். அவ இரண்டு நாள் கழித்து, காய் வெட்டிக்கொண்டிருக்கும்போதுதான் வாய் திறந்தா: “இனி வானிலையும் வரேல்லை. பேரில்லாத ஆக்கள் அங்கை போய் நிண்டு என்ன செய்யிறது.”

சைவக்காரர் ஒருவர் அங்கிலிக்கன் திருச்சபையை எதிர்த்து மேன்முறையீடு செய்ய முடிவெடுத்தது அந்தக் கத்தரிக்காய் வெட்டி முடிவதற்குள்தான்.

வைகாசியில் மறைமாவட்ட மண்டபத்தில் விசாரணை நடந்தது. ஜெஸ்ரின் ஒரு செத்தவீட்டை முடித்துக்கொண்டு ஒரு கலியாணத்துக்குப் போகும் வழியில் வந்து, கடைசிக் கதிரையில் இருந்தா. கனன் ஹால்ஸ்டெட் ஜீவரத்தினத்தின் அறிக்கையைக் கையில் எடுத்து, மிகவும் நன்றாக இருக்கிறது, ஓரத்து வெளிகூடச் சரியாக இருக்கிறது என்று பாராட்டினார். பிறகு எழுந்து நின்றார்.

“இதை வாசித்தபோது நான் நெகிழ்ந்துபோனேன். ஆட்சிகள் விழுந்தன. ராஜாவின் தலை விழுந்தது. ஜெபப்புத்தகம் தடைசெய்யப்பட்டது, திரும்ப வந்தது. இத்தனை புயலிலும் கிரிம்ஷோ தன் பதவியை விட்டு ஓர் அங்குலம் அசைந்தாரா? இல்லை. அவர் மனச்சாட்சி எதையும் தாங்கக்கூடியதாக இருந்தது. இன்றைக்கு எங்களிடம் இல்லாதது அந்த உறுதிதான்.” அவர் ஜீவரத்தினத்தின் பக்கம் கனிவோடு திரும்பினார். “நீங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். திருச்சபை வருகிறவர்களுக்கு மட்டும் உரியதல்ல. வராதவர்களுக்கும் உரியது. உண்மையைச் சொல்லப்போனால், வராதவர்களால்தான் கட்டடத்துக்குச் சேதம் குறைவு.”

சபையில் தலைகள் ஆடின. மிஸ் புரூவிட் குறிப்பெடுத்தா.

ஜீவரத்தினத்துக்கு இங்கிலீஷ் ஜேர்மன் வாடையோடுதான் வரும். ஒவ்வொரு வசனத்தையும் முன்கூட்டியே அறுத்துச் சீவி வைத்திருந்தார். வண. கிரிம்ஷோ ஐம்பது வருசத்தில் இரண்டு தரம் வந்தவர் என்றார். அவருக்குப் பதிலாக வேறொரு ஆள் வந்தார். ஆள் வந்ததை அவரே வந்ததாகத் திருச்சபை ஏற்றுக்கொண்டு, விலகாதவர் என்று கல்லிலும் வெட்டியிருக்கிறது. தன்னுடைய மனைவிக்குப் பதிலாகத் தான் போன வருசம் சித்திரையிலிருந்து, அவ வானில் வராமல் விட்ட பிறகும் தவறாமல், ஐம்பத்தெட்டு ஞாயிறு வந்து மூன்றாவது வரிசையில் இருந்திருக்கிறார். ஒவ்வொரு பிரசங்கமும் கொப்பியில் இருக்கிறது. கிரிம்ஷோவுக்குச் சரி என்றால் பியற்றிஸுக்கும் சரி. இல்லையென்றால், கல்லை மாற்றி வெட்ட வேண்டும்.

அவர் கொப்பியை மேசையில் வைத்தார். மிஸ் புரூவிட் அதை விரித்துப் பார்த்து, ஒரு குசினித் தட்டின் அளவுக்குக் கீழே ‘மீன் – பிடிபட்டது’ என்று தமிழில் எழுதியிருந்த பக்கத்தில் முத்திரை குத்தினா.

உபகுழு நாற்பது நிமிடம் தனியாகக் கூடியது. திரும்பிவந்த கனன் ஹால்ஸ்டெட்டின் முகத்தில், ஒரு பழைய வழக்கம் உயிர்த்தெழுந்ததைக் கண்ட மகிழ்ச்சி இருந்தது. பிரதிநிதி மூலமான வருகை என்பது திருச்சபையின் மிகப் பழமையான, மிகக் கௌரவமான மரபு என்று அறிவித்தார். திருமதி ஜீவரத்தினத்தின் பெயர் பதிவேட்டில் மீண்டும் சேர்க்கப்படுகிறது. திரு ஜீவரத்தினம் அவவின் பிரதிநிதியாக அங்கீகரிக்கப்படுகிறார். அவருடைய மதம் இதற்குத் தடையில்லை. கிரிம்ஷோவின் ஆள் எந்தக் கொள்கைக்காரர் என்றும் யாரும் கேட்டதில்லை.

ஜீவரத்தினம் நன்றி சொல்லி முடிப்பதற்குள் கனன் அடுத்த தாளை எடுத்தார்.

“திருமதி ஜீவரத்தினம் பிரதிநிதி மூலமாகத் தவறாமல் ஆராதனைக்கு வந்துகொண்டிருப்பது நிரூபணமாகிவிட்டது. ஆகவே சரிவுப்பாதைக்கு இனித் தேவை இல்லை.”

வீட்டுக்கு வந்து ஜீவரத்தினம் நடந்ததைச் சொன்னார். பியற்றிஸ் கடைசிவரை கேட்டுவிட்டு, “அப்ப ஒண்டு செய்யுங்கோ,” என்றா. “நியாயத்தீர்ப்பு நாளிலை என்ர ஆத்துமாவையும் நீங்களே கொண்டுபோய்க் குடுத்திட்டு, என்ன சொன்னவை எண்டு வந்து சொல்லுங்கோ.”

அத்தோடு கதை முடிந்திருக்கும். ஆனால் கிரிம்ஷோவின் புகழ் உபகுழுவுக்குள் பரவிவிட்டது. இவ்வளவு உறுதியான மனுசனின் கல் என்ன நிலையில் இருக்கிறது என்று பார்க்க நிபுணர் ஒருவரை அனுப்பினார்கள். நிபுணர் பூதக்கண்ணாடியோடு இரண்டு நாள் குப்புறப் படுத்துக் கிடந்தார். அவருடைய அறிக்கை உபகுழுவை உலுக்கியது. எழுத்துகள் தேய்கின்றன. ‘ஒருநாளும்’ என்ற சொல் பாதி போய்விட்டது. அதைவிட மோசம், கல்லின் கால்மாட்டில் அண்மைக்காலத்தில் உண்டான வட்டமான சிறு பள்ளங்கள் பதினாலு இருந்தன. அடையாளம் தெரியாத கூர்மையான பொருள் ஒன்றினால் உண்டானவை. ஏதேனும் வாகனமாக இருக்கலாம் என்று நிபுணர் சந்தேகித்தார்.

கனன் ஹால்ஸ்டெட் தடியை இடித்து அவசரக் கூட்டம் கூட்டினார். கல்லைக் காப்பாற்ற உடனடியாக ஒரு மூடி போட வேண்டும் என்று முடிவானது. பாதுகாப்பு மூடி என்பது மாற்றமல்ல, பராமரிப்பு. அதற்குப் படிவம் இல்லை. உதவிக்குரு உள்ளூரில் ஒரு தச்சரைப் பிடித்தால் போதும்.

ஜெஸ்ரின் சைக்கிளை ஜீவரத்தினம் வீட்டு வாசலில் சாய்த்துவிட்டு, கனன் கையெழுத்திட்ட உபகுழுக் குறிப்புகளை நீட்டினா. உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தா.

“வாசிச்சுப் பாருங்கோ மாமா. ஸ்லோவா.”

மூடி ஓக் பலகையில் இருக்க வேண்டும். கல்லைத் தொடக்கூடாது; காற்றுப் போக இடைவெளி வேண்டும். கல்லின் முழு நீளத்தையும் மறைக்க வேண்டும். மழைநீர் தேங்காதபடி ஒரு பக்கம் சரிந்திருக்க வேண்டும். தண்ணீர் ஆலயத்துக்குள் போகக்கூடாது என்பதால், வாசற்பக்கம் உயர்ந்தும் வீதிப்பக்கம் தாழ்ந்தும் இருக்க வேண்டும். ஆட்கள் வழுக்காமல் மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்க வேண்டும். பெருங்கூட்டத்தின் பாரத்தைத் தாங்க வேண்டும்.

ஜீவரத்தினம் இரண்டு தரம் வாசித்தார். பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, இரண்டு மீற்றர் பத்தைப் பதினேழு சென்ரிமீற்றரால் பிரித்துப் பார்த்தார். பன்னிரண்டு சொச்சம். சக்கர நாற்காலிக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு சரிவு என்பதை ஒரு வருசத்துக்கு முன்னரே அவர் இருபத்தாறு பக்கப் படிவத்தில் எழுதியிருந்தார். கிரிம்ஷோ உயரமான மனுசன். அல்லது தன்னை அப்படி நினைத்தவர்.

வேலை முடிகிற நேரம் மிஸ் புரூவிட் அளவு பார்க்க வந்தா. வாசற்பக்கத்து உயரம் எவ்வளவு என்று கேட்டா. நூற்றி எழுபது மில்லிமீற்றர் என்றார் ஜீவரத்தினம். அவ படியைப் பார்த்தா. தெருவில் நின்ற வானைப் பார்த்தா. அதன் யன்னல் இறங்கியிருந்தது. பிறகு தன் தாளில், ‘நீர் வடிவதற்குப் போதுமானது’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தா.

மூடியின் அடிப்பக்கத்தில், கல்லை நோக்கியபடி, ஒரு சின்னப் பித்தளைத் தகடு இருப்பதை அவ பார்க்கவில்லை. பார்க்கக்கூடிய இடத்தில் இருந்தவர் கிரிம்ஷோ மட்டும்தான்.

மூடியை அர்ப்பணிக்கும் ஆராதனை புரட்டாதி முதல் ஞாயிறு. உபகுழு முழுவதும் வந்திருந்தது. வாசலில் நீலநிற றிபன் கட்டியிருந்தார்கள். கனன் ஹால்ஸ்டெட் மூடியின் ஓரமாக நின்று பேசினார். பராமரிப்பு என்பதே இக்காலத்தின் ஊழியம் என்றார். விசுவாசம் தேயலாம், ஆனால் கல் தேயக்கூடாது என்றார். ஆட்களின் கால்களிலிருந்து கிரிம்ஷோவை ஒருவழியாக மீட்டுவிட்டோம் என்று சொல்லி, தடியால் ஓக் பலகையில் ஒருதரம் இடித்தார். பலகை அசையவில்லை. ஜீவரத்தினம் அதைக் கவனித்துக்கொண்டார்.

றிபன் வெட்டுப்பட்டது. கைதட்டல் ஓய்கிறபோது வானின் பின்கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

பியற்றிஸ் கத்தரிப்பூ நிறச் சேலை கட்டியிருந்தா. மடியில் வேதப்புத்தகம், அதற்குள் நாலாக மடித்த அந்தக் கடிதம். நாற்காலி மெல்லிய இரைச்சலோடு நடைபாதையைத் தாண்டி, மூடியின் தாழ்ந்த பக்கத்துக்கு வந்தது. ஒரு கணம் நின்றது. பிறகு ஏறத் தொடங்கியது. கனன் ஹால்ஸ்டெட் தன்னையறியாமல் ஒதுங்கி, தடியை உயர்த்தி வழிவிட்டார். பார்ப்பதற்கு அவரே அழைத்துவந்தது போல இருந்தது.

நாற்காலி போய்முடிந்த பிறகுதான் அவருக்கு வாய் வந்தது. “மிஸ் புரூவிட், இது வந்து… இது ஒரு…”

“மூடி,” என்றா மிஸ் புரூவிட். “நீங்கள்தான் கையெழுத்திட்டீர்கள்.”

ஐம்பது வருசப் பதவிக்காலத்திலும், அதற்குப் பின்னான முந்நூற்றுச் சொச்சம் வருசத்திலும், வண. ஒபதியா கிரிம்ஷோ ஓர் ஆளைத் தேவாலயத்துக்குள் ஏற்றிவிட்டது அதுதான் முதல் தடவை.

உள்ளே முதலாம் வாசிப்புக்கு ஜெஸ்ரின் பியற்றிஸைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டா. பியற்றிஸின் குரல் முன்னர்போல இல்லை. சில சொற்களில் இடறியது. இடறிய இடத்தில் நின்று, திரும்ப வாசித்துக்கொண்டு போனா. ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. ஜீவரத்தினம் அதை வானுக்குள் இருந்து, யன்னலை இறக்கிவிட்டுக் கேட்டார். பிரதிநிதி வேலை முடிந்துவிட்டது; பழைய உடன்படிக்கைப்படி அவருடைய இடம் வான்தான்.

ஆராதனை முடிந்து பியற்றிஸ் சரிவில் இறங்கி வந்தா. அவர் நாற்காலியை வானுக்குள் ஏற்றி, பட்டி போட்டுவிட்டு, அவ வழக்கமாகக் கேட்பதைத் தான் கேட்டார்.

“இண்டைக்கு என்ன பிரசங்கம்?”

“மீன் பிடிக்கிற கதை.”

“அதுக்கு மிஞ்சி?”

பியற்றிஸ் வேதப்புத்தகத்துக்குள் இருந்த கடிதத்தை எடுத்து, அவருடைய குசினிக் கொப்பிக்குள் வைத்தா.

“உள்ளை வந்து கேளுங்கோவன். இப்பத்தான் வாசலிலை படி இல்லையே.”